பெயரை எழுதிக் காட்டு

ஹாதிக் செருப்பைக் கழற்றவில்லை. ஆள் சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று குணத்துக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

ஸப்னா மிஸ்ஸின் கந்தோர் அறைக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பை விடுவது வழக்கம். போன மாதம் ஒரு பொலிஸ் சார்ஜன்ட்கூட சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஓட்டைக் காலுறையோடு வந்து மரியாதையாக உட்கார்ந்தார். இவனோ கட்டாரில் வாங்கிய தடித்த செருப்போடு நேரே மேசைக்கு வந்து இரண்டு கடதாசிகளை அறைந்து வைத்தான். அறைந்த அறையில் பிளேன்டீக் கோப்பை சரிந்து குணத்தின் காற்சட்டை நனைந்தது.

"தேத்தண்ணிய நான் வாயாலதான் குடிக்கிற," என்றான் குணம்.

ஹாதிக் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவனுக்குக் குணம் உட்காருகிற ஒரு கதிரை, அவ்வளவுதான்.

குணம் பாண்டிருப்புக்காரன். கீழே தெருவில் நிற்கும் ஆட்டோ அவனுடையது. சவாரி கிடைக்காத நேரங்களில் மின்விசிறிக் காற்றுக்காக மாடிக்கு ஏறத் தொடங்கி இப்போது எட்டு வருடம். தன்னை அவன் மிஸ்ஸின் உதவியாளன் என்று சொல்லிக்கொள்வான். மிஸ் அவனை ஆட்டோக்காரர் என்றுதான் சொல்லுவார்.

ஸப்னா மிஸ் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். தமிழில் இருக்கிற பிறப்பு, இறப்பு, கலியாணப் பத்திரங்களை ஆங்கிலத்தில் அடித்து முத்திரை குத்திக் கொடுப்பது அவருக்குத் தொழில். அந்தப் பத்திரங்களுக்குள் ஒளிந்திருக்கும் பொய்யை இழுத்து வெளியே போடுவது பொழுதுபோக்கு. கள்ளக் காணி உறுதி, கள்ளக் கையெழுத்து, செத்தவர் எழுதிய கடிதம் என்று ஏதாவது வந்தால் பொலிஸே இந்தப் படியில்தான் ஏறும். அவருடைய தலைக்கு மேலே ஒரு கறுப்புப் போட் பலகை தொங்கியது. 'பதினாறு வருடம். ஒரு பிழையும் இல்லை.' அந்த இரண்டு வரியில் மிஸ்ஸுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

"ராத்தா, இந்தக் கடிதத்த இங்கிலீஸ்ல அடிச்சு முத்திரை குத்தித் தாங்க. இண்டைக்கு மூன்றரைக்குள்ள ஜேர்மனிக்குப் போகணும்," என்றான் ஹாதிக்.

"முதல்ல விசயத்தச் சொல்லுங்க தம்பி. பிறகு முத்திரை."

"விசயம் ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதாக்கும்."

"எனக்குக் கடதாசி சொல்லணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அவனுடைய தங்கை நிப்லா ஜேர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞான முதுமாணிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். எழுநூறு பேர் போட்டதில் கடைசி நாற்பதுக்குள் வந்தும் விட்டாள். போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் யாரோ அவளுடைய கணக்குக்குள் புகுந்து, 'விண்ணப்பத்தை விலக்கிக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்திவிட்டார்கள். நிப்லா அழுது மின்னஞ்சல் போட, அங்கிருந்து பதில் வந்தது. வெள்ளி நண்பகலுக்குள், எங்கள் நேரப்படி மூன்றரைக்குள், யார் செய்தது, எப்படிச் செய்தது என்று முத்திரையோடு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வர வேண்டும். வந்தால் திரும்பத் திறப்பார்கள். வராவிட்டால் கதை முடிந்தது.

"ஆரு செஞ்சது?"

"காரைதீவுத் தமிழ்ப் பொடியன். துலக்சன். இவளோட கம்பஸில ஒண்டாப் படிச்சவன். அதே முதுமாணிக்கு அவனும் போட்டிரிக்கான், அவனும் அந்த நாற்பதுக்குள்ள. இவள் போனா அவன்ட இடம் போயிரும். இவள்ட பாஸ்வேர்ட் அவனுக்குத் தெரியும், இவள்தான் குடுத்த. அதையும் கடிதத்தில வடிவா எழுதி இரிக்கேன்."

"பாத்தீங்களா நிப்லா குடுத்தத?"

"பாக்கணுமா? வேற ஆரு செய்வான்? நம்மட ஆக்கள் செய்வாங்களா?"

குணத்துக்குக் காது சூடாகியது. 'நம்மட ஆக்கள்' என்று முஸ்லிம்களைச் சொன்னபோது அவன் கண்ணால்கூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை, ஆனாலும் அது யாருக்குச் சொன்னது என்று குணத்துக்குத் தெரியாதா என்ன.

மிஸ் முதல் கடதாசியை எடுத்தார். விலக்கல் படிவத்தின் பிரதி அது. விரலை வரி வரியாக இறக்கி வந்தவர், கையெழுத்துக்குப் பதிலாகப் பெயரைத் தட்டச்சு செய்திருந்த கடைசி வரியில் நின்றுவிட்டார். முகம் வெளுத்தது. எட்டு வருடத்தில் குணம் அதைக் கண்டதில்லை. பிறகு நிமிர்ந்து போட்டைப் பார்த்தார், உடனே பார்வையைக் கீழே போட்டார்.

"செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஊட்டுல ஆரு இருந்த?" குரல் மட்டும் மாறவில்லை.

"நான் இருந்தன், உம்மா இருந்த. நிப்லா டியூசன் குடுக்கப் போயிரிந்தாள். அதுக்கென்ன?"

"சும்மா கேட்டன்."

"சும்மா கேக்கிறதுக்கு நேரமில்ல. ஜும்ஆவுக்குப் போறன். ரெண்டு மணிக்கு வாப்பாவோட வருவன், கடிதம் இரிக்கணும். வாப்பா ஒற்றைக் கால்ல நிக்கிறார், கடிதம் போகத்தான் வேணும் எண்டு. முத்திரை குத்தத்தானே கந்தோர் வச்சிரிக்கீங்க, துப்புத் துலக்கவா?"

படி அதிர இறங்கிப் போனான். குணம் காற்சட்டையை உதறினான். "மிஸ், இவன் அடுத்த முறை வந்தா நான் சாரம் கட்டிக்கொண்டு வாறன். காயப்போட லேசு."

மிஸ் சிரிக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் போட்டார். "ஆட்டோவ எடுங்க. காரைதீவுக்கு. வழியில சாய்ந்தமருதில ஒரு ஊட்டுக் கேற்றைப் பாக்கணும்."

"கேற்றையா? பாக்கவா, வாங்கவா?"

"வாயை மூடிக்கொண்டு ஓட்டவும் தெரியும்தானே உங்களுக்கு?"

தெரியும். ஆனால் விருப்பமில்லை. ஜும்ஆத் தொழுகை நேரம் என்பதால் கடைகளெல்லாம் சாத்தியிருந்தன, தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் திரும்பியதும் அந்த வீடு தெரிந்தது. இரண்டு மாடி, புது வெள்ளைப் பூச்சு, ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டிய தாள் இன்னும் உரிக்கப்படவில்லை. ஆள் குடியில்லை. கேற்றில் ஒரு முழ உயரத்துக்குப் பித்தளை எழுத்து, 'நிப்லா மன்ஸில்', நிப்லா இல்லம்.

இந்தக் கரையில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். அந்த வீட்டைக் கட்டிவைப்பது அவளுடைய ஆட்களின் கடன். பத்தொன்பது வயதில் கட்டாருக்குப் போன ஹாதிக் பதினொரு வருடமாகக் கட்டியது இது. குணமும் பாண்டிருப்பில் தங்கச்சி ஒருத்திக்குக் கட்டியவன்தான். முப்பத்தொன்பது வயதாகியும் தனக்கு ஒரு கலியாணம் இல்லாமல் ஆட்டோவில் சுற்றுவதும் அதனால்தான். அந்தக் கேற்றைப் பார்த்தபோது ஹாதிக் மேல் இருந்த எரிச்சலோடு ஒரு பாவமும் சேர்ந்து வந்தது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

மிஸ் இறங்கிப் போய் 'ப்' என்ற எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "தமிழ்ல மட்டும்தான் போட்டிரிக்கான்," என்றார்.

"தமிழ் பேசுற ஊருல சீனத்திலயா மிஸ் போடுவான்?"

"இங்கிலீஸ்ல போட்டிருந்தா நான் இண்டைக்கு நிம்மதியா இருந்திருப்பன்." சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

காரைதீவில் துலக்சனின் வீட்டுக் கேற் ஒரு பக்கம் நெளிந்திருந்தது. முற்றத்தில் நின்ற பெரியவர், பையனின் அப்பா சின்னப்போடி, மண்வெட்டியைக் கீழே வைக்காமலேயே கேட்டார். "என்ன, இன்னும் உதைய மிச்சம் இருக்கோ? முந்தநாள் ரெண்டு பேர் மோட்டார்சைக்கிள்ள வந்து இந்தக் கேற்றை உதைஞ்சிட்டுப் போயிட்டாங்க."

"நாங்க ஆட்டோவில வந்தனாங்க ஐயா. உதைக்கிற எண்டா முதல்ல இறங்கணும்," என்றான் குணம்.

பெரியவர் முகம் இளகவில்லை. துலக்சன் வெளியே வந்தான். மெலிந்த பையன், கண்ணில் தூக்கமில்லை. மிஸ்ஸைக் கண்டதும் வாசலை மறித்து நின்றான்.

"நீங்கதானே முத்திரைக்காரி. கடிதத்தில என்ட பேரைப் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

"போட்டா எனக்கும் முடிஞ்சுது, தெரியுமா? நாலு வருசம் கண் எரிய எரியப் படிச்சது. உங்கட ஆக்கள்ட சண்டைக்கு நான் என்னத்துக்குச் சாகணும்?"

"நிப்லாட பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரியுமா?"

அவன் முதன்முறையாகச் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "நாங்க படிச்சதே அதைத்தான், ஒத்தருக்கும் குடுக்காத எண்டு. அவள் தன்ட உம்மாவுக்கும் குடுக்கமாட்டாள். அங்க விதியும் அப்பிடித்தான். பாஸ்வேர்டைக் குடுத்தது எண்டு தெரிஞ்சா குடுத்த ஆளும் வெளிய, வாங்கின ஆளும் வெளிய."

மிஸ் மெதுவாகத் தலையை ஆட்டினார். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனையும் எடுத்து நீட்டினார். "நிப்லாட முழுப் பேரையும் இங்கிலீஸ்ல எழுதிக் காட்டுங்க."

"பைத்தியமா உங்களுக்கு?"

"எழுதுங்க தம்பி. உங்களக் காப்பாத்த என்னட்ட வேற வழியில்ல."

சுவரில் தாளை வைத்துக் கிறுக்கிக் கொடுத்துவிட்டு, "இனி இஞ்ச வராதீங்க," என்று கதவைச் சாத்தினான். மிஸ் தாளை ஒரு கணம் பார்த்து மடித்து வைத்தார். குணம் எட்டிப் பார்ப்பதற்குள் பை மூடிவிட்டது. திரும்பும் வழியில் மிஸ் நிப்லாவுக்குத் தொலைபேசி எடுத்து, வாப்பாவோடு அவளும் கட்டாயம் வர வேண்டும் என்றார். மறுமுனையில் அவள் போட்ட சத்தம் ஆட்டோ இரைச்சலையும் மீறி குணத்துக்குக் கேட்டது.

இரண்டரைக்குத்தான் வந்தார்கள். ஸஹீத் வாப்பா முன்னால், பேச்சில்லாத மனிதர், தலையில் தொப்பி. பின்னால் நிப்லா, கண் வீங்கி. கடைசியில் ஹாதிக், செருப்போடு.

"நீங்களும் துலக்சன்தான் எண்டு எழுதப் போறீங்களா?" நிப்லா உட்காரவே இல்லை. "எழுதினா நான் கையெழுத்துப் போடமாட்டன்."

"கையெழுத்துப் போடப்போறது நீங்க இல்ல, உங்கட ஹாதிக் காக்கா. முறைப்பாட்டுக்காரர் அவர்தானே. நான் சொல்லும்வரைக்கும் நீங்க ஒண்டும் கதைக்கக் கூடாது." மிஸ் இரண்டு தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "தம்பி, ரெண்டும் ஒரே கடிதம். தங்கச்சிட பேரில ஒரே ஒரு எழுத்து மட்டும் வித்தியாசம். நான் அடிக்கக்குள்ள ஒரு குழப்பம் வந்துட்டு. எது சரியோ அதில கையெழுத்துப் போடுங்க."

"இதெல்லாம் உங்கட வேல."

"தங்கச்சிட பேர் தம்பி. தெரியாதா?"

ஹாதிக் ஒன்றைப் பார்த்தான், மற்றதைப் பார்த்தான். வாப்பாவை ஒருமுறை பார்த்தான். பிறகு தொலைபேசியை எடுத்து மடியில் வைத்து விரலால் எதையோ தேடினான். எடுத்த படத்தைத் தாளோடு ஒப்பிட்டான். முகம் தெளிந்தது. இடப்பக்கத் தாளில் கையெழுத்தைப் போட்டுத் தள்ளிவிட்டான்.

மிஸ் அந்தத் தாளை நிப்லாவின் பக்கம் திருப்பினார். "வாசிங்க மகள்."

"பாத்திமா நிஃப்லா," என்று வாசித்த நிப்லா நிமிர்ந்தாள். "இது ஆரு?"

"முத்திரை குத்தின கடதாசியில இப்படித்தான் இரிக்கு," என்று ஹாதிக் தொலைபேசியை நீட்டினான். "ராத்தாட முத்திரை. நீங்களே பாருங்க."

"ஓம். என்ட முத்திரைதான்."

மிஸ் எழுந்து, தலைக்கு மேலிருந்த போட்டுக்குக் கீழேயே நின்றுகொண்டார்.

"ரெண்டு மாதத்துக்கு முன்ன உங்கட தங்கச்சிட பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்த இங்கிலீஸ்ல அடிக்க நீங்கதான் கொண்டு வந்தீங்க. தமிழ்ல பாத்திமாவுக்கும் 'ப'தான், நிப்லாவுக்கும் 'ப'தான். பாத்திமா எண்டு அடிக்கிற நேரம் எஃப் வந்துது, அது சரி. வந்த கையோட நிப்லாவிலயும் எஃப்ப அடிச்சிட்டன். பாஸ்போட்ல இரிக்கிற பி எங்கயோ போயிட்டு. நீங்க கொண்டுபோன பிறகுதான் பாஸ்போட் பிரதியப் பாத்தன். உங்களுக்குப் போன் எடுத்து என்ன சொன்னன், ஞாபகமா?"

ஹாதிக் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"முத்திரை மங்கலா விழுந்திட்டு, கிழிச்சுப் போடுங்க எண்டு சொன்னன். பொய். பிழை விட்டதெண்டு சொல்ல வெக்கம். நீங்க கிழிச்சிட்டன் எண்டீங்க. புதுசை நிப்லாதான் வந்து எடுத்த. பழசை நிப்லா கண்ணால காணவும் இல்ல. ஆனா நீங்க அதுக்கு முதலே ஒரு படம் எடுத்து வச்சிட்டீங்க."

விலக்கல் படிவத்தின் பிரதியை எடுத்து அதன் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இதிலயும் நிஃப்லா. இப்படி ஒரு மனிசி உலகத்திலயே இல்ல. அவவத் தெரிஞ்ச ஆக்கள் ரெண்டே பேர். பிழையாப் பெத்த நான், படம் வச்சிரிந்த நீங்க. செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் நீதிமன்றத்தில நூறு பேருக்கு முன்னால நிண்டனான்." துலக்சன் எழுதிய தாளை விரித்தார். "இது காரைதீவுப் பொடியன் எழுதினது. பி. யோசிக்கவே இல்ல."

"கணக்கையும் மூடாம லெப்டொப்ப மேசையில திறந்து வச்சிட்டுத்தான் டியூசனுக்குப் போன நான்," என்றாள் நிப்லா. மிகவும் மெதுவாகச் சொன்னாள். "ஊட்டுலதானே எண்டு."

"இன்னொண்டும் இரிக்கு. இவர் கொண்டு வந்த கடிதத்தில, நீங்க பாஸ்வேர்டக் குடுத்தீங்க எண்டு வடிவா எழுதி இரிக்கு. இதுக்கு நான் முத்திரை குத்தி அனுப்பியிருந்தா துலக்சனும் வெளிய, நீங்களும் வெளிய. உங்களக் காப்பாத்த வந்த கடிதமில்ல மகள். ரெண்டாந்தரம் விலக்க வந்த கடிதம்."

குணத்துக்கு இப்போதுதான் முழுவதும் விளங்கியது. வாப்பா பிடித்த பிடியில் கடிதம் போயே ஆக வேண்டும் என்றானபோது, அந்தக் கடிதத்தாலேயே தங்கச்சியின் கழுத்தை அறுக்கப் பார்த்திருக்கிறான்.

ஹாதிக் எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. "ஓம், நான்தான். என்ன இப்ப? பதினொரு வருசம் அந்த வெயில்ல நிண்டு கட்டினன். ஆருக்கு? இவளுக்கு. இவள் போனா அந்த ஊட்டுல ஆரு இரிக்கிற? மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் வாறாங்க. இவள் ஒரு பொத்தானை அழுத்தி ஜேர்மனிக்குப் போவாள், நான் திரும்பப் போய் வெயில்ல நிக்கவா? நானும் ஒரு பொத்தானை அழுத்தினன்."

"என்னட்ட ஒருக்கா கேட்டீங்களா காக்கா, ஊடு வேணுமா எண்டு?"

"கேக்கணுமா? பொம்புளப் புள்ளைக்கு ஊடு வேணாமா?"

ஸஹீத் வாப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். மகனைப் பார்க்கவில்லை.

ஹாதிக் மிஸ்ஸின் பக்கம் திரும்பினான். "எழுதுங்க பாப்பம். எழுதினா உங்கட பிழையும் பொய்யும் சேந்துதான் போகும். உங்கட முத்திரையப் பறிப்பாங்க. பதினாறு வருசமாம்."

அவன் சொன்னது சரிதான் என்று குணத்துக்குத் தெரியும். மிஸ் கணினியின் முன் உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினார். முதல் வரியே தன்னுடைய பிழை. இரண்டாம் வரி தான் சொன்ன பொய். பிறகுதான் ஹாதிக். அடித்து முடித்து, முத்திரை குத்தி, கீழே அவனுக்கு ஒரு கோடு விட்டு நீட்டியபோது மணி மூன்று பதினாறு.

"போடமாட்டன்," என்றான் ஹாதிக்.

"போடு," என்றார் ஸஹீத் வாப்பா. அன்றைக்கு அவர் கதைத்தது அந்த ஒரு சொல்தான்.

பேனையை எடுத்தவனுக்குக் குறுக்கே நிப்லா துலக்சனின் தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை வைத்தாள். "முதல்ல என்ட பேரை எழுதிக் காட்டுங்க. போனைப் பாக்காம."

ஹாதிக் குனிந்தான். பேனை தாளுக்கு மேலே நின்றது, நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் எழுதினான், தமிழில். 'நிப்லா'. கேற்றில் இருந்தது போலவே உருண்டு திரண்ட வடிவான எழுத்து.

நிப்லா அதைப் பார்த்தாள். "இது ஊட்டுட பேர் காக்கா. என்ட பேர் இல்ல," என்றாள்.

ஹாதிக் கடிதத்தை இழுத்தெடுத்தான். கையெழுத்தைப் போட்டான், பேனையைக் கீழே வைத்தான், இறங்கிப் போனான். இந்த முறை படி அதிரவில்லை. மூன்று இருபத்திரண்டுக்குக் கடிதம் போனது. நாலு மணிக்குச் சற்று முன்பு பதில் வந்தபோது நிப்லா அதை வாய்விட்டு வாசித்தாள். விலக்கல் ரத்து, விண்ணப்பம் மீண்டும் பரிசீலனையில். மேலே தன் பெயரை இருந்தபடி எழுத்து எழுத்தாக வாசித்தாள், 'பி' வந்த இடத்தில் நிறுத்தி அதை இன்னொரு முறை வாசித்தாள். ஸஹீத் வாப்பா அவள் தலையில் கை வைத்து, கீழே கூட்டிக்கொண்டு போனார்.

குணம் விழுந்து கிடந்த கதிரையை நிமிர்த்தினான்.

"ஏணி இருந்தா எடுத்து வாங்க. கொஞ்சம் கறுப்புப் பெயின்ற்றும்," என்றார் மிஸ்.

"போட்டைக் கழட்டவா மிஸ்?"

"கழட்ட வேணாம். கடைசிச் சொல்லையும், 'பிழையும்'இல கடைசி ரெண்டு எழுத்தையும் மட்டும் அழியுங்க."

குணம் ஏறி அழித்தான். இறங்கி, தள்ளி நின்று வாசித்துப் பார்த்தான்.

'பதினாறு வருடம். ஒரு பிழை.'